பௌசியா ராத்தா வீட்டு டிவிச் சுவர்

வயரிங் வேலையில் முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். சோர்ட் ஆகி மெயின் சுவிட்ச் கருகிய வீடுகளில்கூட நான் பதறியதில்லை. பதறியது எத்தாளைக் கிராமத்தில், பௌசியா ராத்தாவின் புது வீட்டில், எல்லாமே ஒழுங்காக வேலை செய்த ஒரு பின்னேரத்தில்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள். சுவரில் மாட்டும் டிவி எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. அந்த வீடு ராத்தா தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டியது, கல்யாணம் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் சகோதரி வீட்டு ஹோலில் டிவி வயர்கள் தொங்குவதை ராத்தா பார்த்து வைத்திருந்தார். எனக்குப் போட்ட ஒரே கட்டளை: "ஒரு வயர் கண்ணுல படக் கூடா, தம்பி."

ஹோலின் பெரிய வெறுஞ்சுவரை கிரைண்டரால் வெட்டி இரண்டு பைப் புதைத்தேன். கரண்ட் வயருக்கு ஒன்று, டிஷ் வயருக்கும் எச்டிஎம்ஐ வயருக்கும் ஒன்று. இரண்டையும் ஒரே பைப்பில் திணிக்காதீர்கள், இளையவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் லுஹருக்கு அங்கேயே பாய் விரித்து, நான் வெட்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டே தொழுதும் இருக்கிறேன். அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

பூசி, பெயின்ட் அடித்து, திங்கட்கிழமை டிவியைப் போட்டுக் காட்டினேன். ராத்தா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார், முகமெல்லாம் சந்தோசம். பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். முசல்லாப் பாயை விரித்து, தொழத் தொடங்கும் தக்பீருக்குக் கையைத் தூக்கியவர் அப்படியே இறக்கினார். எதிரே டிவியில் ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் இவளுக்கா தொழுறது?"

ஓடிப் போய் நிறுத்தினேன். கறுத்த திரையில் இப்போது ராத்தாவே நின்றார்.

"இப்ப என்னையே பாத்துத் தொழணும் போல."

துணியால் மூடலாம் என்றேன். டிவிக்கு ஐந்து நேரமும் பர்தா போடச் சொல்கிறாயா என்று கேட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மஃரிப் தொழப்போவதும் இந்த ஹோலில்தான். ராத்தா ஏசவில்லை, அவர்கள் முன்னால் மகளைத் தலைகுனிய வைத்துவிடாதே என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பக்கத்துச் சுவரை வெட்டினேன். அப்போதுதான் அதற்குப் பெயின்ட் அடித்து முடித்திருந்த பெயின்டர் என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். பூச்சைக் காய வைத்தது எத்தாளைக் காற்றும் இரண்டு ஃபேனும்தான். வியாழன் பின்னேரம் டிவி இடம் மாறியது. தொழும் திசையான கிப்லாச் சுவரில், தலைக்கு மேலே பழைய ப்ளக் பொயின்ட் மட்டும் மிஞ்சியது. தொழுகை நேரம் காட்டும் கரண்ட் மணிக்கூடு ஒன்றை வாங்கி அதை மறைத்து மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மஃரிபுக்கு நானும் ஸஃப் வரிசையில் நின்றேன். மாப்பிள்ளையின் சகோதரி மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்து, இதற்கு வயர் எங்கே என்று கேட்டாராம். எல்லாம் தன் யோசனைதான் என்றாராம் ராத்தா. நான் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், அளக்கும் டேப்பை எடுக்கும் முன் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவீர்கள் என்று கேட்பேன். பழக்கதோசத்தில் தலவிலவில் ஒரு கத்தோலிக்க வீட்டிலும் கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. டிவிக்கென்று நான் மனதில் குறித்து வைத்திருந்த சுவரையே காட்டினார்.

"புனித அன்னம்மா படம் அங்கதான் வரப் போகுது."

நல்ல வேளை, டேப் இன்னும் பைக்குள்தான் இருந்தது.