நைனா பெயிண்ட் அடித்த விமானம்

என் சித்தப்பா விமானம் கட்டுவார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் படகு கட்டுகிறவர் உண்டு, வலை கட்டுகிறவர் உண்டு. விமானம் கட்டுகிறவர் என்றால் டீச்சர்தான் என்ன செய்வார், பாவம். ஒரு முழ நீளத்து பிளாஸ்டிக் விமானம் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டதால் விளக்கவில்லை.

சித்தப்பா என்றால் நைனாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஒருமுறை சென்னையில் யாரோ வீடு காலி செய்கிறார்கள் என்று லோடு ஏற்றும் வேலைக்குப் போனவர், திரும்பும்போது ஒரு தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் நிறைய அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழைய போர் விமானத்தின் படம். அந்த வீட்டுப் பெரியவர் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்து, ஒன்றைக்கூடப் பிரிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாராம். குப்பையில் போடச் சொன்னதைச் சித்தப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த சாமான்கள். இறக்கை, வால், காற்றாடி என்று துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். கூடவே வந்த பசை கல்லாகிப் போயிருந்தது. இறக்கையில் ஒட்டுவதற்கான சின்னங்கள் அச்சடித்த தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது. போனில் வீடியோ பார்த்து, அந்தத் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து வெயிலில் வெளுக்கப் போட்டார் சித்தப்பா. அம்மாவின் கருவாட்டுக்குப் பக்கத்தில் அதுவும் காய்ந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் காக்கா ஓட்டியவள் நான்தான்.

இவ்வளவு வேலைக்கு அவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்றால், அவர் கடலுக்குப் போவதில்லை. கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டில் சொன்ன காரணம், சளி. உண்மையில், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் ஒருநாள் படகு கவிழ்ந்தது. நைனா அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அதற்குப் பிறகு படகில் கால் வைத்தாலே சித்தப்பாவுக்கு உடம்பு நடுங்கும், வாந்தி வரும். பயம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. மாதக்கணக்கில் ஒருவருக்குச் சளி இருப்பதைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை, வந்தாலும் கேட்கவில்லை.

நைனாவுக்குப் படகில் ஆள் போதவில்லை. "பொம்ம செஞ்சது போதும்டா. வர்ற வாரம் படகுல ஏறு" என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து போன் வந்தது. கட்டடம், கப்பல், துறைமுகம் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறை. சித்தப்பா போனில் போட்ட படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பழைய காலத்துத் துறைமுகம் ஒன்றைச் செய்து தர வேண்டியிருக்கிறதாம், அதற்கு ஆள் வேண்டுமாம். "புதுசா மினுக்குறத எவன் வேணா செய்வான். உழைச்சுக் களைச்ச மாதிரி ஒண்ணு செஞ்சு எடுத்துனு வா, பாக்கலாம்" என்றாராம் பட்டறைக்காரர்.

வேலை கிடைத்தால் சென்னை, கிடைக்காவிட்டால் மறுநாளே படகு என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சாகிவிட்டது. நடுவில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் முகத்துவாரத்து அலை வந்தது. இந்த முறை தலைமயிர் நைனாவின் கைக்குச் சிக்காது என்று என்னவோ எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

சித்தப்பா தேர்ந்தெடுத்தது பறக்கும் படகு ஒன்றை. அடிப்பக்கம் அசல் படகு, மேலே இறக்கை. தண்ணீரில் இறங்கி தண்ணீரிலிருந்தே கிளம்புகிற விமானமாம். கட்டி முடித்து வெள்ளை அடித்தபோது கண்ணைப் பறித்தது. பிறகுதான் அதைக் கெடுக்க ஆரம்பித்தார். கரையில் இழுத்துப் போட்ட படகுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, பாசி எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, பெயிண்ட் எந்த இடத்தில் முதலில் உரிகிறது, ஆணியிலிருந்து துரு எப்படி ஒழுகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். வந்து அதையே விமானத்தில் செய்வார். நான் நுணுக்கிக் கொடுத்த கல் உப்பைத் தூவி, அதன்மேல் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயிண்ட் உரிந்ததுபோலச் சொறி சொறியாக வந்தது. நங்கூரத்துத் துருவைச் சுரண்டித் தண்ணீரில் குழைத்து ஒழுகவிட்டார். இன்ஜினுக்குப் பின்னால் விளக்குக் கரியைத் தடவினார். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ் ஒரு பூச்சு. ஆண்டுக்கணக்கில் எங்கோ கிடந்து உழன்றுவிட்டு இப்போதுதான் கரையேறியதுபோல இருந்தது. எனக்கே அழுகை வந்தது.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் சித்தப்பா சட்டைக்கு இஸ்திரி போடப் போயிருந்தார். கடலிலிருந்து திரும்பிய நைனாவின் பேச்சுக் குரல் கேட்டு வீட்டுப் பின்பக்கம் போனேன். நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையில் விமானம். பக்கத்தில் எங்கள் படகுக்கு அடித்து மிச்சமிருந்த நீல பெயிண்ட் டப்பா. பாதி விமானம் நீலமாகியிருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. "நைனா, வேணாம் நைனா! அது அப்படித்தான் இருக்கணும். சித்தப்பா வேணும்னேதான் துரு புடிக்க வெச்சாரு!"

நைனா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "யாராவது வேணும்னே துரு புடிக்க வெப்பாங்களா? உப்பையும் துருவையும் சுரண்டிச் சுரண்டியே என் கை தேஞ்சு போச்சு. பயத்துல இன்னாவோ கொட்டிக் கெடுத்து வெச்சிக்கிறான், பாவம். நம்ம வூட்லருந்து வெளிய போற சாமான். பாசி புடிச்சாப்பல போனா, அண்ணங்காரன் இன்னா பண்ணினு இருந்தான்னு கேக்க மாட்டாங்களா?"

பிளாஸ்டிக் என்றாலும் படகு படகுதானே. அதை அழுக்கோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் படகுக்கு அடிப்பதுபோலவே விளிம்பில் மஞ்சள் கோடும் அதற்குக் கீழே சிவப்புக் கோடும் இழுத்தார். பிறகு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதினார். எங்கள் பக்கம் புதுப் படகில் பெயரை வீட்டுக்குப் பெரியவர்தான் எழுதுவார். நைனாவின் படகில் சித்தப்பாவுக்குப் பங்கு உண்டே தவிர, பெயர் கிடையாது. அம்மா வந்து மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். எனக்கு அங்கேயே விழுந்து புரண்டு அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் நைனாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அதற்கும் பயந்தேன்.

சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

"நல்லா கீது ணா" என்றார்.

ஈரம் காயாத விமானத்தை மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிக்குள் நிறுத்தி, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பொன்னேரி ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். போனை எடுத்து விமானத்தை நாலு பக்கமும் படம் பிடித்தார். பிறகு பையிலிருந்து டர்பன்டைன் பாட்டிலையும் பழைய பனியன் துணியையும் எடுத்தார்.

"கீழ இருக்கறதும் போயிடுமா சித்தப்பா?"

"போவாது. அது வேற கலர், மேல வார்னிஷ் கீது." சொன்னாரே தவிர, அவருக்கும் நிச்சயமில்லை. முதலில் வாலின் ஓரத்தில் மட்டும் தொட்டுப் பார்த்தார்.

துணி பட்ட இடத்தில் நீலம் கரைந்து, கீழேயிருந்து பாசியும் துருவும் வெளியே வந்தன. எனக்கு மூச்சு வந்தது. இறக்கை, வால், அடிப்பக்கம் எல்லாம் துடைத்தார். பெயர் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. "சித்தப்பா, சீக்கிரம்!" என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதுதான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பெரிய லென்ஸ் ஒன்றை வைத்து விமானத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். திடீரென்று லென்ஸ் ஓர் இடத்தில் நின்றது.

"இன்னாப்பா இது? இந்த இடுக்குல நீலமா தெரியுது?"

எட்டிப் பார்த்தேன். இறக்கை சேரும் கோடுகளில், ஆணித் தலைகளைச் சுற்றி, துணி புகாத இடங்களிலெல்லாம் நைனாவின் நீலம் மெல்லிசாகத் தங்கியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்குப் படகுதான் என்று நினைத்தேன்.

"பழைய பெயிண்ட் சார்" என்றார் சித்தப்பா.

"அதான் கேட்டேன். கலர் மாத்தி மாத்தி அடிச்சு ஓட்டுன வண்டி மாதிரியே கீது. இது நம்ம ஆளுங்க யாருக்கும் தோணாதுய்யா." லென்ஸை வைத்துவிட்டு, "எப்ப வந்து சேர்ற?" என்றார்.

வெளியே வந்ததும் நான் குதித்தேன். சித்தப்பா குதிக்கவில்லை. திரும்பும் வண்டியிலும் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பொன்னேரியில் இறங்கியதும் நேராக ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய் நீலம், மஞ்சள், சிவப்பு என்று சின்னச் சின்ன டப்பாக்களும் பிரஷ்ஷும் வாங்கினார். மறுபடி அதே பெஞ்சு. போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, தன் பாசியையும் துருவையும் தானே மறைத்து நீலம் அடித்தார்.

"இன்னாத்துக்கு சித்தப்பா? வேலதான் கெடச்சிடுச்சே. தொடச்சிட்டேன்னு நைனா கிட்ட சொல்லிடலாம்."

"நீ சொல்றியா?" என்று கேட்டார்.

நான் டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டேன். கோடுகளைச் சுலபமாக இழுத்துவிட்டார். தன் பெயரை எழுதத்தான் கஷ்டப்பட்டார். எழுதி, துடைத்து, மறுபடி எழுதினார்.

பழவேற்காடு பஸ்ஸில் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பெயிண்ட் காயவில்லை. பெட்டியைத் திறந்து ஜன்னல் காற்றில் காட்டினேன், வாயால் ஊதினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சித்தப்பாவை விசாரித்தாள். நைனா கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அடிப்பாரா, அழுவாரா, சித்தப்பாவோடு பேச்சை விட்டுவிடுவாரா? இரண்டாவது நடந்துவிடக் கூடாது என்றுதான் சாமியை அதிகம் வேண்டினேன்.

நைனா கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"இன்னாச்சு?"

"கெடச்சிடுச்சு ணா."

"பெயிண்ட பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "பெயிண்ட பாத்துதான் ணா வேலயே குடுத்தாங்க."

நைனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து விமானத்தை எடுத்தார். பெயர் எழுதிய இடத்தைக் கட்டை விரலால் தடவினார். விரலை எடுத்தபோது அதில் நீலம் ஒட்டியிருந்தது.

நைனா விரலைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார். கலைந்துபோன எழுத்தை மட்டும் சுண்டு விரல் நகத்தால் மெதுவாகச் சரிசெய்தார்.

"ஏரிக் காத்து. சீக்கிரத்துல காயாது" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "தம்பிக்குச் சோறு போடு" என்று அம்மாவிடம் குரல் கொடுத்தார்.

காலையில் அடித்த பெயிண்ட் மத்தியானத்துக்கெல்லாம் காய்ந்துவிடும், நைனா படகைத் தண்ணீரில் தள்ளிவிடுவார். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு நைனா நன்றாக ஏமாந்துவிட்டார் என்றுதான் நம்பினேன். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு வாங்கித் தின்றேன். சித்தப்பாதான் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.