ஒரு கோட்டுக்குள் இரண்டு பொட்டு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சிப் தட்டுகளைச் சரிபார்த்தவள் நான். தட்டுக்கு நாலு மூலை, ஒரு நடு. ஐந்து இடத்தையும் கண்ணால் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டோம். முத்திரையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். என் எண் நாற்பத்தொன்று.

இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. இங்கே மைக்ரோஸ்கோப் தானாகவே ஓடும். மருந்து விட்ட புற்றுநோய் செல்கள் இருக்கும் தட்டைக் குழி குழியாகப் படமெடுக்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கோடு போட்டு அளவெடுக்கும். நான் தட்டை வைத்து எடுத்தால் போதும். ஆனால் பழக்கம் விடுமா? நாலு மூலை, ஒரு நடு, படங்களைத் திறந்து பார்த்துவிடுவேன். கூட வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும்.

அன்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவுக்கு ஒரே குஷி. புது மருந்தில் செல்கள் இரண்டு மடங்கு வீங்கிவிட்டதாகக் கணக்கு வந்திருந்தது. மதியம் கூட்டத்தில் சொல்லப் போகிறார். அடுத்த கட்ட ஆய்வுக்கு அனுமதி கிடைப்பது அதை வைத்துத்தான்.

நடுக் குழியின் படத்தைத் திறந்தேன். ஒரே கோட்டுக்குள் இரண்டு நீலப் பொட்டு. பொட்டு என்றால் சாயம் ஏறிய உட்கரு. செல்லுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். மூலைகளிலும் அதே கதை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. போய்ச் சொன்னேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. சில செல்களுக்கு இரண்டு உட்கரு உண்டு, மென்பொருள் தப்புப் பண்ணாது என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"மிஷின் பார்த்தது போதும்லா டாக்டர். நீங்க ஒரு தடவ கண்ணால பாருங்க."

வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினேன். பொட்டுகளுக்கு நடுவே முடி இழை போல ஒரு கோடு. ஒட்டி நின்ற இரண்டு செல்லை மிஷின் ஒன்றாக அளந்திருந்தது. டாக்டரம்மா ஒட்டியதைப் பிரித்து அளக்கும்படி மாற்றி மறுபடி ஓட்டினார். வீக்கம் காணாமல் போனது.

கூட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். அனுமதி தள்ளிப்போனது. சோர்ந்துபோய் வந்தவர், என் மேல் எரிந்து விழுவார் என்றே நினைத்தேன். அவர் அறிக்கையைத் திறந்தார். 'படங்களைச் சரிபார்த்தது' என்ற இடத்தில் எப்போதும் மென்பொருளின் பெயர்தான் இருக்கும். அதை அழித்தார்.

"ஐ.சி. கார்டுல உள்ள மாதிரியே முழுப் பேரு சொல்லுங்கக்கா."

பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அப்பா பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.