இரண்டாம் அறையில் எல்லாரும் முத்து

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கம்ப்யூட்டரைத் திருத்தினேன். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததுண்டா? இல்லை. படிப்பது இலக்கியம்.

என் அண்ணன் முத்துராஜுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. அக்காள் கல்யாணப் பத்திரிகைகளை அனுப்ப உதவுவதாகச் சொல்லி வந்தவன், தான் எழுதிய புரோகிராமும் அதன் விளக்கமும் அச்சடித்த, மடிப்பு மடிப்பான ஒரு காகிதக் கத்தையை என் முன் போட்டான்.

"ஏளா, இதுல இங்கிலீஷ் மட்டும் சரியா இருக்கான்னு பாரு. கணக்கப் பாக்காத, உனக்குப் புரியாது. நாளைக்கு மேலதிகாரி பாக்காரு. இது ஓடிட்டுன்னா வேல நிரந்தரம்."

புரியாது என்று சொன்ன பிறகு விடுவேனா?

மெஷினுக்குள் எந்நேரமும் உட்கார்ந்து மற்ற புரோகிராம்களை மேய்க்கும் ஒரு தலைமைப் புரோகிராம் இருக்கிறதாம். ஃபைலின் பெயரை எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள அறையில் அது குறித்துக்கொள்ளும். தேடும்போது அந்த ஓர் அறையைப் பார்த்தால் போதும். இந்த எண்ணாக்கும் வித்தைக்கு ஹேஷ் ஃபங்ஷன் என்று பெயர். பழைய முறையில் பெயரின் எல்லா எழுத்துகளுக்கும் A ஒன்று, B இரண்டு என்று எண் கொடுத்துக் கூட்டி, பத்தால் வகுத்து, மீதியை அறை எண்ணாகக் கொண்டார்கள். அண்ணன் முதல் நான்கு எழுத்துகளோடு நிறுத்திவிட்டான். நேரம் மிச்சமாம்!

ஆங்கிலத்தில் பிழை இல்லை. ஆனால்...

அப்பா துறைமுக ஏஜென்ட் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பத்து அறைத் தபால் அடுக்கு கூடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் விலாசம் டைப் அடித்த பத்திரிகைகளும் தயார்.

"உன் கணக்குப்படி இதுல போட்டுப் பாப்பமாண்ணே?" என்றேன், மிகவும் பணிவாக.

நான் பெயர் வாசித்தேன். அவன் கணக்குப் போட்டான்.

"முத்துக்குமார்."

"ரெண்டு."

"முத்துலட்சுமி."

"ரெண்டு."

"முத்துமாலை."

"...ரெண்டு."

எங்கள் குலதெய்வம் முத்துமாலையம்மன். சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் முத்துவில்தான் தொடங்குவார்கள்; ஆங்கிலத்தில் எல்லாருக்கும் முதல் நான்கு எழுத்து MUTH. இரண்டாம் அறை பிதுங்கியது. மற்ற அறைகள் ஈ ஓட்டின.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏலே, ரெண்டாம் அறையில மட்டும் என்னல, கோயில் கொடைக் கூட்டமா? பெரிய மாமா பத்திரிகைய இதுக்குள்ள எங்கன போய்த் தேட?"

அண்ணனுக்கு ரோஷம். "மெஷினுக்குள்ள நம்ம சொக்காரன், சொந்தக்காரன் எவனும் இல்லம்மா. அங்கன வெறும் ஃபைலுதான்."

"சரிண்ணே... உங்க ஆபீஸ்ல ஃபைலுக்கெல்லாம் என்ன பேரு வைப்பீங்க?"

கத்தையின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருந்தது. விரல் வைத்து வாசித்தான். "டெஸ்ட் ஒண்ணு. டெஸ்ட் ரெண்டு. டெஸ்ட் புதுசு. டெஸ்ட் கடைசி..."

விரல் நின்றுவிட்டது.

"எல்லாம் நாலாம் அறை," என்றேன். கூட்டல் எனக்கும் வரும்.

அவரவர் குலதெய்வம் அவரவர் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு டெஸ்ட்தான் குலதெய்வம் போலும்!

சோறு ஆறிப்போகும்வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை. எல்லா எழுத்துகளையும் கூட்டும் முறைக்கே திரும்பி, அதிலிருந்த இரண்டு வீண் படிகளைத் தேடி நீக்கினான். நேரம் மிச்சம்தான் — யாரையும் நெருக்கியடிக்காமல். சாயங்கால ரயிலில் ஏறும்போது முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருந்தது.

நேற்றுக் கடிதம் வந்தது. மேலதிகாரி ஏற்றுக்கொண்டாராம், வேலை நிரந்தரம். கடைசியில் ஒரு வரி: திருத்திய ஃபைலுக்குக் குடும்ப மரியாதையாக 'முத்து-1' என்று பெயர் வைத்திருக்கிறானாம்.

சந்தோஷம், அண்ணே. ஆனால்... அந்த 'ஒன்று' எதற்கு? பின்னால் இன்னும் எத்தனை முத்து வரிசையில் நிற்கின்றனவோ!