கவிதையைக் கட்டுரையாக்கிய மூன்று எழுத்து

போன வாரம் ஒரு கவிஞரைக் கட்டுரையாளர் ஆக்கிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க்கில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஆண்டு மலர். தொகுப்பாசிரியர் நான். காரணம் எளிது – வேறு யாரும் கை தூக்கவில்லை. வந்த படைப்புகள் இருபத்தாறு, எல்லாம் மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பியவை. வரிகள் பாதியில் முறிந்து கிடந்தன. அச்சகத்துக்கு மாலை ஐந்துக்குள் போக வேண்டும். நான் ஒவ்வொரு வரியாக இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது உதவிக்கு வந்தார் ஃபரீதா. வட்டத்தின் உறுப்பினர், சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் கணினி வேலை.

"என்னக்கா பண்றீங்க?"

"வரி சேர்க்கிறேன்மா."

"கையாலயா?"

அந்தக் கேள்வியில் இருந்த இரக்கத்தை என்னவென்று சொல்ல?

கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தார். 'எஃப்எம்டி' என்று மூன்றே ஆங்கில எழுத்து, வரியின் அகலத்துக்கு ஓர் எண், கோப்பின் பெயர். என்டர். முறிந்த வரிகள் சேர்ந்து பத்தி பத்தியாக நின்றன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் லா. ஆனா அதுக்கு அர்த்தமெல்லாம் தெரியாது. எதைக் குடுத்தாலும் சேர்த்துடும். பாத்துப் பண்ணுங்க."

பார்த்தா பண்ணினேன்? புதிதாகக் கிடைத்த அதிகாரம் யாரைத்தான் விட்டது? இருபத்தாறையும் ஒரே மூச்சில் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வெளியீட்டு விழாவில்தான் பக்கம் புரட்டினேன். நாதன் சாரின் கவிதை... ஓய்வுபெற்ற எழுத்தர். வரிக்கு ஒரு சொல் வீதம் எழுதுபவர். நாற்பது வரியும் ஒரே பத்தியாகப் படுத்திருந்தன. முன்பு ஒரு புள்ளி விட்டுப்போனதற்கே இரண்டு மாதம் என்னோடு பேசாதவர் அவர்.

ஒளிய இடம் தேடினேன். அதற்குள் ஒருவர் அவர் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். "கட்டுரை அருமை சார். இந்தத் தடவைதான் புரிஞ்சுது."

நம் கவிதைக்கும் கட்டுரைக்கும் நடுவே இருப்பது என்டர் பட்டன் மட்டும்தானோ?

சார் நேராக என்னிடம் வந்தார். "என் கவிதைய என்ன பண்ணீங்க?"

கணினி மேல் பழி போட ஆசைதான். ஃபரீதா பக்கத்தில் நின்றதால் உண்மையைச் சொன்னேன்.

அவர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி ஆண்டு மலரை விரித்தபடி வந்தார். கணவரின் கவிதைகளைத் தான் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டதாக எல்லாரிடமும் சொல்பவர்.

"ஏங்க, தேக்கா மார்க்கெட்ல மீன்காரர்கிட்ட சிரிச்சுக்கிட்டே சண்டை போடுற பொண்ணு... இது நான்தானே?"

சாரின் காது சிவந்தது.

"எத்தனை வருஷமா என்னைப் பத்தி எழுதுறீங்க?"

"ஆரம்பத்துலேருந்தே."

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

நான் மெல்லக் கேட்டேன். "சார், சரியா வரி பிரிச்சு ஒரு தாள் அடிச்சு ஒட்டிடட்டுமா?"

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வேணாம். அவ படிச்சு முடிக்கட்டும்."