வரேலாவின் வால்

அந்தக் காலத்தில் பிரேசிலில் எழுதத் தெரியாதவருக்கு ஓட்டு கிடையாது. மினாஸ் மாநிலக் கட்சி அமைப்பாளர் ஒலிம்பியோ வரேலா கோவேறு கழுதையில் ஊர் ஊராகப் போய், காப்பித் தோட்டத்து ஆட்களுக்கு அவரவர் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்தார். தன் கையெழுத்தின் கீழே அவர் ஒரு வால் இழுப்பார். அவர்களும் இழுத்தார்கள்.

எண்பது வாக்காளர் மனுக்களிலும் ஒரே வாலைப் பார்த்த நீதிபதி, எல்லாம் ஒரே ஆள் போட்ட கள்ளக் கையெழுத்தோ என்று சந்தேகப்பட்டார். அந்த எண்பதில் ஒருத்தியான தோட்டத்துச் சலவைக்காரி சுல்மீராவை வரவழைத்து, நீதிமன்ற எழுத்தரான என் மேசையில் கையெழுத்துப் போடச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள், வாலோடு.

"வால் எதுக்கும்மா?"

"வாலு இல்லாட்டி எம் பேரு முடியாதுங்கய்யா."

எண்பது பேருக்கும் ஓட்டு கிடைத்தது.

அடுத்த தேர்தலில் வரேலாவின் எதிர்க்கட்சி, தன் புது உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பட்டியலைப் பதிவுக்குக் கொண்டுவந்தது. அறுபது பெயர்கள், அறுபது வால்கள். முதல் பெயர் சுல்மீரா. வரேலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போலின்னு எழுதிக் குடுங்க, நீதிபதி தள்ளிடுவாரு," என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாலாகப் பார்த்தார்.

"போலி இல்லப்பா. எல்லாம் அவங்க கைதான். எனக்குத் தெரியாதா?"