சந்தடி இல்லாத ஊர் கேட்டவர்கள்

வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் எல்லாரும் வழி கேட்பார்கள். என்னிடம் அமைதி கேட்டார்கள். ஐம்பதுகளில் ராமநாதபுரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய காரோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது ராமேஸ்வரத்துக்கு ரயில் மட்டும்தான். கார் போக வழி கிடையாது. கோடை விடுமுறையில் தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிறவர்களில் சிலர், "இன்னும் ரெண்டு நாள் லீவு இருக்கு. யாரும் போகாத கடற்கரை ஊரா ஒண்ணு காட்டுப்பா" என்பார்கள். சாயல்குடிப் பக்கம் அழைத்துப் போவேன். ஓரிடத்தை நம்பி ஒருவரைக் கூட்டிப்போய்விட்டு, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

நீதிபதியின் ஓய்வு

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மனைவியோடு வந்தார். ஆயுள் முழுக்க வாதம் கேட்டாயிற்று, இனி மனிதக் குரலே காதில் விழக்கூடாது என்றார். வாலிநோக்கத்தில் உப்பளத்துக் கணக்கரின் ஓட்டு வீடு ஒன்று காலியாக இருந்தது. அங்கே விட்டேன்.

இருவரும் மணலில் உட்கார்ந்து பேசாமல் கடலைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ சாவோ இல்லாமல் யாரும் வேற்றூருக்குப் போய்ச் சும்மா உட்காருவதில்லை. ஊர்ப் பெண்கள் வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு தவறிப்போனாகம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, இவர் ஜட்ஜாக இருந்தவர், ஓய்வுக்கு வந்திருக்கிறார் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். அதோடு போயிற்று ஓய்வு. ஒரு பனைமரம் யாருடையது என்ற தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் மறுநாள் காலையில் வாசலில் நின்றார்கள்.

சொன்ன நாளில் நான் காரோடு போனபோது, முற்றத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நீதிபதி பனியனோடு நாற்காலியில் இருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "தம்பி தரப்பு இன்னும் முடிக்கலை. காரை நாளைக்குக் கொண்டு வா."

நல்ல தண்ணீர்

மனைவியோடு வந்த திருச்சி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கடலில் நீந்தப் பிரியப்பட்டார். சாயல்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் மீனவர் வீட்டில் தங்கவைத்தேன். கடலில் ஆசைதீரக் குளித்தார். உடம்பெல்லாம் உப்புப் பூத்து அரித்தது. கொல்லையில் வரிசையாக நிறைகுடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரப் பெண் வந்து காலிக் குடங்களைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "குளிச்சிட்டீகளா? நல்லது. நாங்க வெள்ளிக்கிழமை குளிப்போம்" என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஜவுளிக்கடைக்காரரின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு கூடவே போனார். மணலில் தோண்டிய ஊற்று அது. கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். கொட்டாங்கச்சியால் அள்ளி ஊற்ற வேண்டும். முன்னால் வந்தவர்கள் முடித்த பிறகுதான் அடுத்த ஆள்.

உச்சி வெயிலில் தலையில் சும்மாடு வைத்து, அந்த ஒரு குடத்தோடு அந்த அம்மாள் திரும்பி வந்ததை, அன்று காரோடு அங்கே நின்ற நானே பார்த்தேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னார், புருஷனிடம் அல்ல: "இனிமே அவர் கடல்லயே குளிச்சு, கடல்லயே காயட்டும்."

கரையில் உட்கார்ந்திருந்தவர்

கோயம்புத்தூரில் மில் வேலை பார்ப்பவர் ஒருவர் மனைவியோடு வந்தார். முந்தின வருஷம் ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பின் மனைவி யாரோடும் பேசுவதில்லை, விசேஷ வீடுகளுக்கும் வருவதில்லை என்று காரில் முன்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். பின்னால் அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். படகுகள் கொஞ்சமே உள்ள ஒரு கடலோரக் குடியிருப்பில் விட்டேன்.

அழைத்துவரப் போன அன்று கரை முழுக்கப் பெண்கள். முந்தின நாள் போன வள்ளம் ஒன்று திரும்பவில்லை, காற்று மாறிவிட்டது. போனவர்களில் ஒருவன் புதிதாகக் கல்யாணமானவன். அவன் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் தலை இந்த அம்மாளின் மடியில் இருந்தது. அழைக்கலாமா என்று புருஷனைப் பார்த்தேன். "கூப்பிடாதீங்க" என்றார். அவரும் நானும் காருக்குப் பக்கத்திலேயே நின்றோம். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஒருத்தி எழுந்து கையை நீட்டினாள். பாய் கிழிந்து, துடுப்புப் போட்டபடி வள்ளம் வந்தது. போன எல்லாரும் அதில் இருந்தார்கள். பெண்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போனார்கள். அந்த அம்மாள் மட்டும் மணலில் இருந்தபடியே வாய்விட்டு அழுதார். புருஷன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு வண்டியைத் திருப்பினேன். பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது. அதுவரை அந்த அம்மாள் பேசி நான் கேட்டதில்லை. "அவ புருஷன் வந்துட்டான்னதும் எனக்குச் சந்தோசமாத்தானுங்க இருந்துச்சு. பொறாமை வந்துருமோன்னு பயந்துட்டே உட்கார்ந்திருந்தேன்."

வாடகை தராத சவாரி

ஸ்டாண்டில் என்னோடு கார் வைத்திருந்த கருப்பையா ஒரு நாள் கேட்டார்: "ஏலே, ஊருல உள்ளவுகளையெல்லாம் அங்கன கொண்டுபோய் விடுறியே, உன் பொண்டாட்டி கடலைப் பாத்திருக்காளா?" பார்த்ததில்லை. அவள் கமுதிப் பக்கம். மழையை நம்பி மிளகாய் போடும் குடும்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்று பார்த்தாள். நான் எல்லாரிடமும் கேட்பது போல, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒரு மொளகாச் செடிக்கு ஆகாது. வாங்க போவோம்."

எங்கள் கரையில் அமைதியான ஊர் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை, ஆனால் கேட்டவர்கள் எல்லாரையும் அந்தக் கரையில்தான் கொண்டுபோய் விட்டேன்.