சத்தம் வராத "தாத்தா"

தகரக்காரருக்குப் பேத்தின்னா உசுரு. பெட்டி, வாளி, புகைக்குழாய்னு நாள் முழுக்க அடிச்சுத் தள்ளுற மனுஷன். பட்டறை ஓரமா சாக்கை விரிச்சு, அவளை எதிர்ல உக்கார வெச்சுக்குவாரு. சுத்தியல் சத்தத்துல பெரியவங்களே துள்ளி விழுவாங்க. இவ கண்ணைக்கூட சிமிட்ட மாட்டா.

"என்னண்ணே, இவளுக்குக் காது இருக்குதா இல்லையா?"ன்னு கேலி பண்ணுவான் பக்கத்துப் பூட்டுக் கடைக்காரன்.

"பட்டறைக்காரன் பேத்திடா! இதுக்கெல்லாம் பயந்துருவாளா?"

அவருக்கே காது மந்தம். அத்தனை வருஷம் தகரம் அடிச்சா என்ன மிஞ்சும்? வர்றவங்க வாயசைவைப் பாத்தே பேச்சைப் புடிச்சுக்குவாரு.

மகதான் பொலம்புவா. "ரெண்டு வயசு தாண்டிருச்சுப்பா. இன்னும் ஒரு வார்த்தை பேசல."

"உன்கிட்ட பேசலன்னு சொல்லு. என்னைப் பாத்தா வாய் நிறைய தாத்தாங்குறா."

"எனக்குக் கேட்டதே இல்லையே?"

"அப்ப உனக்குத்தான் காது போச்சு!"

மக சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டா. அதுக்கப்புறம்தான் மூணு பேருமா டாக்டரம்மாகிட்ட போனாங்க.

டாக்டரம்மா குழந்தைக்குப் பின்னால நின்னு கிலுகிலுப்பையை ஆட்டுனாங்க. அவ திரும்பல. மறுபடி ஆட்டுனாங்க. தகரக்காரருக்குப் பொறுக்கல. "நல்லா பேசுவாம்மா, இப்பப் பாருங்க"ன்னு முன்னால குனிஞ்சாரு. "தாத்தா சொல்லு தங்கம்."

அவ அவரு வாயையே பாத்தா. பாத்துட்டு, வாயைத் தொறந்து மூடுனா. ரெண்டு தரம்.

"கேட்டீங்களா?"ன்னாரு பெருமையா.

மக தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"சத்தம் வரலைங்கய்யா"ன்னாங்க டாக்டரம்மா. "வாய் மட்டும்தான் அசையுது."

காதைச் சோதிச்சுப் பாத்துட்டு மெதுவா சொன்னாங்க. "பொறந்ததுல இருந்தே சரியா கேக்கல போலிருக்கு. நாம பேசுறது காதுல விழாததால இவளுக்குப் பேச்சு வரல. அறிவுக்கு ஒரு குறையும் இல்ல. உங்க வாயைப் பாத்தே இதைக் கத்துக்கிட்டிருக்கா. மெஷின் வெச்சுப் பழக்கலாம். இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..."

மிச்சத்தைப் படிக்க மாட்டாம அவங்க வாயிலிருந்து கண்ணைத் திருப்பிக்கிட்டாரு.

வெளிய வந்ததும் படியில உக்காந்துட்டாரு. பேத்தி மடியில ஏறி நின்னா. ரெண்டு கையாலயும் அவரு மொகத்தைத் தன் பக்கம் திருப்புனா. வாயைத் தொறந்து மூடுனா, ரெண்டு தரம்.

இத்தனை நாளும் தேனா கேட்ட குரல் இன்னைக்குக் கேக்கல.

"என்னடா தங்கம்?"னாரு. அவருக்கும் வாய் மட்டும்தான் அசைஞ்சுது.